இணைப்பு ஆறு

காவேரிப்பட்டணத்தில்
பேரூராட்சி ஆபீசுக்கு எதிர்க்கடை என்னுடையது.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
எந்திரத்தின் டிரம்மில் ஒரு கீறல்.
எதை நகலெடுத்தாலும் இடது பக்கம்
மேலிருந்து கீழே மயிரிழையாய் ஒரு கறுப்புக் கோடு.
மாற்ற ஒன்பதாயிரம் என்றார் மெக்கானிக்.
கோட்டோடு இரண்டு வருடம் ஓட்டினேன்.

சித்திரையில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.
தொற்றுக் காலத்தில் நொடித்த சிறு கடைகளுக்கு
மீட்பு மானியம் இருபதாயிரம்,
திருப்பிச் செலுத்தத் தேவையில்லை.
கடைசி வரியை என்னைவிட்டு
மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.
"தேவையில்லன்னுதான போட்டிருக்குது?"
தேவையில்லன்னுதான் போட்டிருக்குது.

ஐந்து இணைப்பு வரை எல்லோரிடமும் இருந்தது.
ஆறாவதில் நின்றார்கள்:
கடை மூடியிருந்ததற்கான சான்று.

திறந்திருந்ததற்கு ரசீது உண்டு.
மூடிக் கிடந்ததற்கு யார் ரசீது போடுவார்?

பஞ்சர் கடை சாதிக் பாஷா
கரண்டு அட்டையை நீட்டினார்.
பூஜ்யம். அடுத்த கட்டத்திலும் பூஜ்யம்.
"இதுக்கு மேல மூடறதுக்கு என்னங்க இருக்குது?"

நிப்பட்டு போடும் திம்மராயன்
பூட்டையே கொண்டுவந்தார், துருவோடு.
கண்ணாடிமேல் வைத்து மூடியைச் சாத்தினேன், சாத்தவில்லை.
தாள் முழுக்க இருட்டு,
நடுவே சாவித்துளை தெரிகிற மாதிரி இருந்தது.
இருவரும் சிரித்தோம்.
இருக்கட்டும் என்று அதையும் மனுவில் சேர்த்துக் குத்தினார்.
மனு திரும்பி வந்தது பூட்டினால் அல்ல:
ஆதாரில் திம்மராயன், பாஸ்புக்கில் திம்மராஜ்.

டெய்லர் நாகபூஷணத்தின் மனைவி
ஒன்றும் பேசாமல் இறப்புச் சான்றிதழைத் தந்தார்.
எதனால் என்று அதில் ஒரு கட்டமும் இல்லை.
"கடைய அவருதான் தெறப்பாரு" என்றார், கொஞ்சம் கழித்து.
கோடு தேதியின்மேல் விழாமலிருக்க
தாளை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.
காசு வேண்டாம் என்றேன்.
ஆறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

நானும் மனுப் போட்டேன்.
என் ஆறாவது, எந்திரத்தின் சர்வீஸ் அட்டை.
மார்ச்சில் மீட்டர் 4,12,608.
செப்டம்பரில் 4,12,611.
அந்த மூணு என்ன என்று எழுத்தர் கேட்டார்.
ஊரடங்கில் ஒரு ராத்திரி யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்,
சேலம் ஆஸ்பத்திரிக்கு இ-பாஸ், மூன்று பிரதி.
போய்ச் சேர்ந்தார்களா என்று
இன்றுவரை தெரியாது.

கடைசி நாள் சாயங்காலம்
வளையல் விற்கும் முனிரத்தினம்மா வந்தார்.
ஞாயிறானால் போச்சம்பள்ளிச் சந்தை.
சாக்கை விரித்தால் கடை, சுருட்டினால் இல்லை.
"கதவே இல்லாத கடைய
மூடுனன்னு எப்பிடி சாமி காட்டறது?"

பிஸ்கட் டப்பாவில் சுங்கச் சீட்டுகள் வைத்திருந்தார்.
வாரத்துக்கு ஒன்று, ரப்பர் பேண்டு போட்டு.
தரையில் தேதிவாரியாய்ப் பரப்பினோம்.
இரண்டாயிரத்து இருபது மார்ச் பதினைந்து.
அதற்கடுத்த சீட்டு நவம்பர் எட்டு.
மேலே அதையும் அடியில் இதையும் வைத்து
ஒரே தாளாய் எடுத்தேன்.
நடுவே வெள்ளை.
கோடு மட்டும் அதன் வழியே இறங்கிப் போயிற்று.

"இதுவா?"
"இதுதான்."

எழுத்தர் அதை வெகுநேரம் பார்த்தாராம்.
பிறகு சீல் குத்தினாராம்.

ஆடியில் பணம் வந்தது.
சாதிக் பாஷாவுக்கு வந்ததைப் பழைய கடனுக்கு
பேங்க் அன்றைக்கே எடுத்துக்கொண்டது.
"நாலாயிரம் உட்டு வெச்சிருக்காங்க, நல்லவங்க" என்றார்.
எனக்கு முழுசாய் வந்தது. டிரம்மை மாற்றினேன்.

அடுத்த வாரம் முனிரத்தினம்மா பாஸ்புக்கோடு வந்தார்,
வரவு விழுந்த பக்கத்துக்கு ஒரு நகல் வேண்டுமாம்,
டப்பாவில் வைக்க.

பளிச்சென்று வந்தது.
வெயிலில் பிடித்துப் பார்த்தார்,
திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"கோடு எங்க சாமி?
கோடில்லாம ஆபீசுல செல்லுமா?"