பழுது

பாயான் லெப்பாஸில் இரவு முழுக்க
நுண்ணோக்கியின் அடியில்
நகக்கண் அளவுச் சில்லுகளைப் புரட்டிப் புரட்டிக்
கீறல் தேடுகிறவள் நான்.
ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம்.
சரியாயிருப்பது எதுவும் என் கண்ணில் தங்காது.
அதற்குத்தான் சம்பளம்.

காலை ஏழுக்கு வெளியே வந்தால்
கொடிமலை இடுப்புவரை மேகம் கட்டி நிற்கிறது.
மோட்டார் சாவியை நீட்டிக்கொண்டே நூர்ஹயாத்தி சொல்கிறாள்
போய்த் தூங்கு லா.
தூங்கலாம்தான்.
ஆனால் பையில் இருக்கிறது
இன்னும் ஐந்து மாதத் தவணை பாக்கியுள்ள கேமரா.

பூமலைத் தோட்டத்து வாசலில்
ஒரு பொட்டலம் நாசி லெமாக், நின்றபடியே பசியாறல்.
பிறகு ஜீப் பாதை.
கேபிள் ரயிலில் போகிறவர்கள் சில நிமிடத்தில் உச்சியில்
ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.
எனக்கு இரண்டரை மணி நேரம்,
வளைவுக்கு வளைவு முட்டி பேசும்.

ஏழாம் வளைவில்
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள்
தளிர் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தன.
லென்ஸ் குழாயில் இரவெல்லாம் அழுந்தி
என் கண்ணைச் சுற்றியும் வளையம்.
எந்த ஷிப்ட் என்று கேட்பதுபோல் ஒன்று
தலை சாய்த்தது.
படம் எடுத்தேன்.
வால் மட்டும் விழுந்தது.

இதுவரை விழுந்தவை:
பனி. பனிக்குள் ஒரு பெரணி.
இருவாச்சி பறந்துபோன கிளை, இன்னும் ஆடியபடி.
என் கட்டைவிரல்.
ஒவ்வொரு படத்திலும் வலது மூலையில் ஒரு கரும்புள்ளி,
மூன்று வாரம் பருந்து என்றே நம்பினேன்;
சென்சாரில் தூசி.

தேநீர்க் கொட்டகை தாண்டிய திருப்பத்தில்
மூன்று பேர் முக்காலி ஊன்றிக் காத்திருந்தார்கள்.
கை நீளத்துக்கு லென்ஸ், அதற்கும் காட்டு நிறச் சட்டை.
இருவாச்சி வரும் நேரமாம்.
ஊய் என்பவர் என் கேமராவைப் பார்த்து
அன்பாகத்தான் சிரித்தார்.
ஒரு பிஸ்கட் கொடுத்தார்.
எல்லோரும் வானத்தையே பார்த்திருந்தோம்.

எனக்கு வானம் பழக்கமில்லை.
கண் தானாகப் பக்கத்தில் இறங்கியது,
ஊய் முதுகு சாய்த்திருந்த மரத்துக்கு,
அவர் தொப்பிக்கு இரண்டு முழம் மேலே.
பாசி, பட்டை, பாசி, பட்டை,
சாம்பல் திட்டு, பச்சைத் திட்டு,
அதில் ஓரிடத்தில்
பட்டையின் வரி அடுத்த வரியோடு சேரவில்லை.

ஒரு மயிரிழை.
அவ்வளவுதான் பிசகு.

பிசகு மூச்சு விட்டது.

குபோங்.
தோலையே போர்வையாய் விரித்து
மரத்தோடு மரமாய் ஒட்டிக்கொண்டு தூங்குகிறது,
அதுவும் இரவு ஷிப்ட்தான்.
போர்வையின் ஓரம் மெல்லத் தூக்க
உள்ளேயிருந்து ஒரு குட்டி முகம்,
தலையைவிடப் பெரிதாய்க் கண்.

பழுது கண்டால் என்ன செய்யவேண்டும் என்று
எட்டு வருடமாக என் கைக்குத் தெரியும்:
சிவப்புப் பொத்தானை அமுக்கு,
எண்ணைச் சொல்லு,
தட்டை மாற்று.
கை கொஞ்சம் எழுந்ததும் உண்மை.
நாக்கு நுனியில் "அங்கிள்" வந்து நின்றதும் உண்மை.

பிஸ்கட்டை மென்றேன்.

கேமராவின் சத்தத்தை அணைத்து
ஒன்றே ஒன்று எடுத்தேன்.
அப்போது பள்ளத்தின் மேலே இருவாச்சி போனது,
நீராவி எஞ்சின் போல இறக்கை இரைய.
மூன்று கேமராவும் படபடவென்று பொரிந்தன.
கிடைத்ததா என்று ஊய் கேட்டார்.
இல்லை அங்கிள், தவறவிட்டேன்.
பரவாயில்லை, அடுத்த வாரம் வா என்றார்,
மரத்தில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

இரவு, உடை மாற்றும் அறையில்,
தொப்பிக்குள் முடியைத் திணித்தபடி
நூர்ஹயாத்தி படத்தைப் பார்த்தாள்.
பெரிதாக்கிப் பார்த்தாள்.
இதற்கா தூங்காமல் போனாய்?
வெறும் மரம்.

ஆமாம், மரம் என்றேன்.
மூலையில் கரும்புள்ளியும் இருந்தது.
மணி அடித்துவிட்டது.