மீதி மூன்று

புளியரை எடைமேடையில் இரவு இரண்டே கால்.
வைக்கோல் லாரி கணவாய் ஏறிவிட்டது.
அடுத்தது வரும்வரை
பழைய ரசீதின் முதுகில்
ஒருவனை உண்டாக்கிக்கொண்டிருக்கிறேன்.

கையில் இருபத்தேழு புள்ளிகள்.
வலிமை, தாங்குதிறன், வேகம், அறிவு, பேச்சு, அதிர்ஷ்டம்.
எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தூவினால்
முதல் பனிக்கே செத்துப்போவான்.
தூவிப் பார்த்திருக்கிறேன்.

இது கடின வகை.
பசிக்கும். நாக்கு வறளும்.
நனைந்த சட்டை காயும்வரை உடம்பு நடுங்கும்.
வரைபடத்தில் விரல் வைத்து
ஊர்விட்டு ஊர் தாவ முடியாது, நடக்கணும்.
படுக்கை கிடைத்தால்தான் ஆட்டத்தைச் சேமிக்கலாம்.
செத்தால் செத்ததுதான்.

போன மாதம் செத்தவனுக்கு இடும்பன் என்று பெயர் வைத்திருந்தேன்.
பதினோராம் நிலை. வலிமை பத்துக்குப் பத்து.
கரடியை ஒரே வெட்டில் சாய்த்தவன்.
மூன்று வாள், ஒரு மார்க்கவசம்,
விற்றால் காசாகுமென்று தூக்கிய வெண்கல மணி.
பாரம் மிஞ்சி ஓட முடியாமல்
உப்பளத்தின் நடுவே தாகத்தில் விழுந்தான்.
தண்ணீர்த் தோற்பையைக் கீழே போட்டுவிட்டு
மணியை வைத்துக்கொண்டது
நான்தான்.

முழு எடை, வெற்று எடை, கழித்தால் சரக்கு.
ராத்திரிக்கு அறுபது தடவை கழிக்கிறேன்.
அன்றைக்குக் கழிக்கத் தோன்றவில்லை.

எனவே இவனுக்கு வாள் கிடையாது.
ஒரு கத்தி, அதுவும் மீன் செதில் எடுக்க.
வலிமை மூன்று போதும்.
தாங்குதிறன் எட்டு. வேகம் ஐந்து.
அறிவு ஏழு: எந்தக் காளானைத் தின்னலாம்,
எந்தப் பட்டையை அவிக்கலாம்.
அதிர்ஷ்டம் ஒன்று, பேருக்கு.

கைப்பேசி அதிர்ந்தது. ஷைனி.
மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில்,
ரத்தவங்கி இரவுப் பணி. நேரில் பார்த்ததில்லை.
“சேட்டா, விஷமுறிவுக்கு ஒண்ணாவது வையி.
சதுப்புல அட்டை உண்டு கேட்டோ.”
அறிவிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வைத்தேன்.
மீதி மூன்று.

அப்போது எம்-சாண்ட் ஏற்றிய லாரி ஒன்று
மேடைமேல் முனகிக்கொண்டு ஏறியது.
வில்பிரட் அண்ணாச்சி.
பிறக்கும்போதே எல்லாப் புள்ளிகளையும்
பேச்சில் கொட்டிக்கொண்டு வந்தவர்.
என் சட்டை நிறத்தில் ஆரம்பித்தார்,
டயர் விலைக்குப் போனார்,
ஆரியங்காவு வளைவில் நின்ற யானைக்கு வந்தார்,
“ரெண்டு டன் கொறச்சுப் போடுடே” என்று முடித்தார்.
யானையிலேயே நான் பாதி சாய்ந்துவிட்டேன்.
ஆனால் அச்சடிக்கும் எந்திரம்
யானைக்கதை கேட்பதில்லை.
கரகரவென்று உள்ளதைத் துப்பியது.

கோபமில்லை அவருக்கு.
லாரியை ஓரங்கட்டி, கேபினுக்குள் சுருண்டு,
ஆள் மாறும்வரை குறட்டை.
படுக்கை கிடைத்துவிட்டது.
சேமித்துக்கொண்டார்.

மூன்று புள்ளிகள்.
தொடங்கும்முன் போடாவிட்டால் அழிந்துவிடும்.
வலிமையில் போட்டால் இன்னொரு மணியைத் தூக்குவான்.
அதிர்ஷ்டத்தை நம்ப, நான் லாட்டரி வாங்குகிற ஆளில்லை,
சீட்டு விற்கிற கடை கூப்பிடு தூரத்தில் இருந்தும்.

“பேச்சுல போடு” என்றாள் ஷைனி.
அங்கே யாரிடம் பேச?
ஓநாயிடமா, பனியிடமா?
“ஏரிக்கரைல ஞான் ஒத்தைக்கு நிக்கறேன்,
வெறகு ரெண்டு நாளைக்குத்தான் உண்டு.
நீ வந்து மிண்டாம நின்னா
எனக்கு எதுக்கு நீ?”

பேச்சு: மூன்று என்று எழுதினேன்.
அடித்தேன்.
கணவாய் வழியாகச் சாரல் நுழைந்து
ரசீதில் மூன்று சொட்டு விட்டது.
தாங்குதிறன் எட்டு ஊறி மூன்றாகத் தெரிந்தது.

வேறொரு ரசீது எடுத்தேன்.
மறுபடி முதலிலிருந்து.
இந்தத் தடவை பேச்சை முதல் வரியில் எழுதினேன்,
பக்கத்தில் எண் போடாமல்.
கீழே கோழி வண்டி ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.