நிலுவை

முதலில் குடும்பப் பெயர். காற்புள்ளி. பிறகு சொந்தப் பெயர்.
பிறந்த தேதி இல்லாமல் தேடினால்
ஹார்லோ கவுண்டியில் பதினோரு ஷ்மிட்டுகள் வருவார்கள்,
ஒன்பது பேர் ஒரு தப்பும் அறியாதவர்கள்.

ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்காதீர்கள்.
"நேரில் வாங்களேன்" என்பார்கள், அன்பாகத்தான்.
அந்த அன்பை நம்பி வந்தவர்கள்
பின்கட்டில் ஆரஞ்சு உடுப்போடு
சோளரொட்டி தின்கிறார்கள்.

இங்கே வாருங்கள். இரண்டாம் ஜன்னல்.
எட்டரை முதல் நாலரை.
பன்னிரண்டுக்கு நான் சாப்பிடப் போவேன்.
ஹீட்டர் பக்கம் பொதுமக்களுக்கென்று ஒரு கணினி,
அதில் எல் எழுத்து ஒட்டிக்கொண்டு
இரண்டாக விழும், பார்த்துத் தட்டுங்கள்.
தேடக் காசில்லை.
அச்செடுத்தால் பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட்.

எல்லாரும் "ஒரு நண்பனுக்காக" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.
பத்தொன்பது வருஷமாக அந்த நண்பனை எனக்குத் தெரியும்.
பின்விளக்கு எரியாத வண்டி ஓட்டுவான்,
வாய்தா தேதியை மறப்பான்,
வேலைக்கு மனுப்போடுவதற்கு முந்தின நாள் மட்டும்
அவனுக்கு வியர்க்கும்.

'பதிவு எதுவும் இல்லை' என்று வந்துவிட்டால்
பெருமூச்சு விடுவார்கள்.
பார்க்கிங்கில் போய் ஹாரன் அடித்தவர்கூட உண்டு.
சிலர் மட்டும்
இன்னொரு தடவை தட்டிப் பார்ப்பார்கள்,
யாருமே தம்மைத் தேடவில்லையா என்பதுபோல.

பிப்ரவரியில் ஒலீட்டா க்ருன்வால்ட் வருவாள்.
பூட்ஸ் பனியைக் கால்மிதியில் தட்டி,
கையுறையைப் பல்லால் கழற்றி,
நின்றபடியே தட்டுவாள்.
க்ருன்வால்ட், டெல்மர் ரே.

பிடிவாரண்ட். நிலுவையில்.
லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்தது.
குறித்த நாளில் ஆஜராகத் தவறியது.
நூற்று எண்பத்து நான்கு டாலர்.
உயரம் ஐந்தடி பதினொன்று, கண் பழுப்பு,
இடது புருவத்தில் தழும்பு.

தழும்பு வரைக்கும் படிப்பாள்.

முதல் வருஷம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை நான்.
"கட்டிவிட்டால் முடிந்தது, மேடம்.
தம்பியை வரச் சொல்லுங்கள், யாரும் பிடித்து வைக்கமாட்டார்கள்."
"வரமாட்டான்" என்றாள்.
கூட்டுறவுக் கிடங்கின் தானியக் குதிருக்குள்
கட்டிப்போன சோளத்தை உடைக்க இறங்கியவன்.
உடைந்தது.

எனக்கு விதி தெரியும். விதிதான் தெரியும்.
மரணச் சான்றிதழ், முத்திரையிட்ட நகல், ஒன்று.
வழக்கு எண்ணோடு நீதிபதிக்கு ஒரு பக்க மனு.
பத்து நிமிஷ வேலை. படிவத்தை நீட்டினேன்.
நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

அடுத்த பிப்ரவரி படிவம் வரவில்லை, அவள் வந்தாள்.
"பேங்குக்கு ஒன்று கொடுத்தேன்,
டிராக்டர் கடன்காரனுக்கு ஒன்று,
போன் கம்பெனிக்கு ஒன்று.
நகல் தீர்ந்துபோச்சு."

பதினேழு டாலர் கட்டினால் இன்னொன்று வரும்.
நான் சொல்லவில்லை.

போன வருஷம் எல் இரண்டாக விழுந்து
'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது.
அவள் முகம் போன போக்கை
என்னால் இங்கே எழுத முடியவில்லை.
"மாவிஸ்" என்றாள், முதல் தடவையாக என் பெயரை.
எழுந்துபோய் ஒரு எல்லை அழித்தேன்.
வந்தான். ஐந்தடி பதினொன்று.

இந்த ஜனவரி புதிய நீதிபதி.
ஏழு வருஷம் தாண்டிய சில்லறை வாரண்டுகளை
ஒட்டுமொத்தமாகத் திரும்பப் பெற உத்தரவு.
நல்ல உத்தரவுதான், ஆயிரத்து நூறு பேர்
இனி பின்கண்ணாடி பார்க்காமல் வண்டி ஓட்டலாம்.
பெயருக்குப் பெயர் ஓரத்தில் என் இனிஷியல் வேண்டும்.

ஏ, பி, சி முடிந்தது.
செத்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், தெரிந்தவர்கள்,
கை நிற்கவில்லை.
ஜி பக்கத்தைத் திருப்பும்போது மணி பதினொன்றே கால்.

ஜன்னலில் பலகையை மாட்டிவிட்டுச்
சாப்பிடப் போனேன்.