இருநூறு நாற்காலிகள்

லாகோஸ் தீவில் வெயில் ஏறுமுன்பே வந்துவிட்டேன்.
பூங்காவின் கதவு பூட்டியிருந்தது.
வெளியே பூங்கா என்று பலகை,
மதில் மட்டும் இன்னும் சிறையின் மதில்.
நான் பந்தல் போடுகிறவன்.
எனக்கு மதில் என்றால்
கயிறு கட்ட ஓர் இடம்.

இபிரோங்கே அம்மா பத்தரைக்கு வந்தார்,
பாலத்தில் நின்ற மஞ்சள் பஸ்களைத் திட்டிக்கொண்டே.
இளைய மகள் ஃபடெகெமிக்கு அடுத்த மாதம் கல்யாணம்.
கையில் துணி மாதிரி ஒரு துண்டு:
சொந்தபந்தம் மொத்தமும் ஒரே நிறத்தில் வரும்,
பழுத்த பப்பாளியின் உள்நிறம்.
நாற்காலி இருநூறு, வட்டமேசை இருபது,
ஜெனரேட்டரை எங்கே நிறுத்துவது,
ஜொல்லோஃப் சோற்று அண்டாக்கள் எந்தப் பக்கம்.

"அண்டாவை இங்கே வையுங்கள்" என்றார் காவலர் ஒசரோபோ.
"கைதிகளுக்கும் இங்கேதான் சமைத்தார்கள்."

அறைகள் வரிசையாக, இப்போது கடைகள்.
ஒன்றில் மணிமாலை,
ஒன்றில் போனுக்குக் கண்ணாடி மாற்றும் பையன்,
ஒன்றில் தோல் செருப்பு.
அம்மா உள்ளே போய் ஒரு ஜோடி போட்டுப் பார்த்தார்.
திரும்ப இடமில்லை.
பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.
"இதற்குள் எத்தனை பேர்?"
"ஒருவர். கூட்டம் சேர்ந்தால் மூவர்" என்றார் ஒசரோபோ,
விலை சொல்கிற குரலில்.

கை பழகிய கை. டேப் தானாக நீண்டது.
எட்டடிக்கு நாலரை.
நோட்டில் எழுதினேன், எதற்கென்று தெரியாமல்.
என்னிடம் எட்டடி மேசை நாற்பது இருக்கிறது.
ஒன்றைப் போட்டால் அறை முடிந்தது,
சாப்பிட உட்கார ஆளுக்கு வழியில்லை.

பிறகு மேடை.
"பொண்ணு மாப்பிள்ளை அங்கே,
நடுவில் கேக், ஐந்து அடுக்கு."
ஒசரோபோ தொண்டையைச் செருமினார்.
"அம்மா, தூக்குமரம் நின்ற இடம் அது."

பாதாம் மரத்தில் பல்லி ஒன்று
தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"யாரையெல்லாம்?"
"வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தில்
யார் யார் அகப்பட்டார்களோ அவர்களை.
அதில் நிஜக் கொலைகாரனும் உண்டு, அம்மா.
கோழி திருடியவன், கள்ளநோட்டு அடித்தவன்,
வரி கட்டமாட்டேன் என்றவன்,
எல்லோருக்கும் ஒரே அண்டாதான்."
கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்:
"முன்பணம் திரும்பக் கிடைக்காது."

அம்மா மேடையில் ஏறினார்,
விலை இன்னும் கொடுக்காத செருப்போடு.
நடுவில் நின்று ஒருமுறை காலால் தட்டினார்.
இன்னொரு முறை.
கீழே இருப்பவர்களின் உறக்கம் கெடுமோ என்பதுபோல
மூன்றாவதை மெதுவாக.

"கேக்கை இடப்பக்கம் தள்ளுங்கள்.
நடுவில் ஒன்றும் வைக்க வேண்டாம்."
"அப்போ ஆட்டம்?"
"ஆடாமல்? அது ஆடத்தான்.
என் மகள் நெற்றியில் நோட்டு ஒட்டுவார்கள்,
அது பறந்து எங்கே விழுந்தாலும் விழட்டும்."

நான் மூலைகளை அளந்தேன்.
எனக்கு முன்னால் இங்கே ஒருவன்
அளவுகோலோடு நின்றிருப்பான்.
கயிறு, கம்பம், உயரம்.
அவனுக்குக் கூடுதலாக ஆளின் எடையும் தேவை.
அவனிடமும் ஒரு நோட்டு இருந்திருக்கும்.
கணக்குத் தப்பக் கூடாதென்று
கூட்டலை இருமுறை போட்டிருப்பான், என்னைப் போல.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கொலாப்போவும் பையன்களும் முதல் கம்பத்தைக் கொண்டுவந்தார்கள்,
நிற்குமா என்று பார்க்க.
அடியை ஒருவன் மிதிக்க, நான் கத்துவேன்:
தூக்கு, தூக்கு.
இருபது வருஷமாக இந்தத் தொண்டையில்
அந்தச் சொல் ஒரு சுமைக்குத்தான்.
அன்றைக்கும் பல் வரைக்கும் வந்தது.
"ஏத்துடா" என்றேன்.
கொலாப்போ என்னைத் திரும்பிப் பார்த்தான்.
ஏற்றினான்.

அம்மா செருப்புக்கு இன்னும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.
கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
மேல்துணி இரட்டையாகப் போட வேண்டும்,
அதற்குத் தனிக் காசு.