இருபது நிமிடம்

மஞ்சவாடிப் பக்கத்துச் சரிவில்
பள்ளிக்கூடக் கூரைமேல் மழை இறங்கியபோது
மணி ஒன்று நாற்பது.
மழைமானிக்குள் சின்னக் கரண்டி
நிறைந்து கவிழ்ந்தது, நிறைந்து கவிழ்ந்தது.
ஒவ்வொரு கவிழ்ப்பும் ஓர் எண்.

எண்களுக்குக் கொண்டை ஊசி வளைவு கிடையாது.
சில்வர் ஓக்குக்கு மேலே ஒரு கம்பம்,
கோரிமேட்டில் ஒரு மொட்டைமாடி,
அப்புறம் என் மேசைக்கடியில்
விசிறி கரகரக்கும் இந்தச் சர்வர்.
தண்ணீர்தான் பாவம்,
கல்லில் முட்டி, புதரில் மாட்டி,
கால்நடையாக வர வேண்டும்.

வரும் நேரத்தைக் கணக்குப் போடுகிறவர்
ரூர்க்கியில் இருக்கிறார். முகம் தெரியாது.
எல்லோரும் எழுதும் அட்டவணையில்
அவர் எனக்கு ஒரு பச்சை அம்புக்குறி.
கோவையில் மண் பார்க்கும் ரெஜினா, ஆரஞ்சு.
நான் ஊதா.
குகைப் பாலத்தில் வெள்ளம் நாலு பத்துக்கு என்று
பச்சை எழுத,
ஊதா அதை ஊருக்குத் திறந்து வைக்கும்.

நாலு பத்துக்குத்தான் வந்தது.
ஆனால் மூன்று ஐம்பதுக்கே
தண்ணீரின் உப்பைச் சொல்லும் கோடு
செங்குத்தாக நிமிர்ந்தது.

பழைய மழைகளைத் தோண்டினேன்.
தட்டுவடை செட் மடித்துத் தந்த காகிதத்தில்
நேரங்களை எழுதினேன்.
ஆடியில் இருபது நிமிடம்.
ஆவணியில் இருபது.
எந்தச் சாயப்பட்டறையோ,
வெள்ளம் அடித்துக்கொண்டு போகட்டும் என்று
சரியாக இருபது நிமிடம் முன்னால்
தொட்டியைத் திறந்துவிடுகிறது.

அவனும் எங்களைப் படிக்கிறான்.

வேலி பயிரை மேயவில்லை.
வேலியில் வாசல் வைத்ததே நாங்கள்.

மூடிவிடலாம் என்றது ஆரஞ்சு.
பச்சை ஒன்றும் எழுதவில்லை.
ஆட்டையாம்பட்டி சீரங்கனுக்குப் போன் போட்டேன்.
"மூடிட்டா நான் எதப் பாத்துங்க மதகு எறக்கறது?
போன தடவ கூட
உங்க மணியப் பாத்துத்தான் எந்திரிச்சேன்" என்றார்.

மூடவில்லை.
உப்புக் கோட்டையும் அதே பக்கத்தில் போட்டோம்,
சிவப்பில். பெயர் எதுவும் சொல்லாமல்.

நேற்று மறுபடி மழை.
மலையில் கரண்டி கவிழ்ந்தது.
பாலத்தில் மட்டம் ஏறியது.
சிவப்பு அசையவில்லை, படுத்தே கிடந்தது.

நிறுத்திவிட்டானா,
இல்லை குழாயைப்
பாலத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டானா?
அங்கே எங்களுக்குக் கருவி இல்லை.
அட்டவணையில் அந்த வரிசை வெறும் கட்டம்.

அதன்மேல்
பச்சை அம்புக்குறி வந்து நின்றது,
எதுவும் எழுதாமல்,
வெகு நேரம்.