இணைப்பு நாலு

சொல்லுக்கு இரண்டு ரூபா எழுபத்தைந்து சதம்
என்று பேசித்தான் வேலையை எடுத்தேன்.
மின்கட்டண உயர்வுக்கான மனு,
இருநூற்றுப் பதினாறு பக்கம்,
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு.

அதில் நாற்பத்தொரு பக்கத்தில் கறுப்பு.
எழுதி முடித்த பிறகு
மேலே தார் ஊற்றியிருந்தார்கள்,
எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வராத தார்.

கொழும்புக்கு எடுத்துக் கேட்டேன்:
கறுப்பை என்ன செய்ய?
"அப்படியே விடுங்கோ, அது வணிக இரகசியம்"
என்றது ஒரு பெண்குரல்.
"அதுக்குக் காசும் இல்லை."

அதே இடத்தில், அதே நீளத்தில்
தமிழிலும் கோடு இழுத்தேன்.
பிழையே இல்லாமல் நான் செய்த மொழிபெயர்ப்பு
அது ஒன்றுதான்.

விசாரணை கச்சேரி மண்டபத்தில்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
கோப்பாய்க்காரர் ஒருவர் இரண்டரை நிமிடம்
வணக்கம் சொல்லி முடித்தார்.
நெல்லியடி ஆலைக்காரர் எரிந்துபோன மோட்டரைப் பற்றிச் சொல்ல,
அது இந்த விசாரணைக்குரியதல்ல என்றார்கள்.
இரண்டையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

பிறகு கொன்சலாற்றா,
குருநகரில் ஐஸ் பக்டரி வைத்திருப்பவர்.
கையில் என் மொழிபெயர்ப்பு,
ஓரமெல்லாம் ஈரத்தில் ஊதிப்போய்.

"இணைப்பு நாலு. ஒரு யூனிட்டுக்குச் செலவு.
எண்ணெய் முப்பத்தொண்டு இருபது.
சம்பளம் ஆறு பதினைஞ்சு.
திருத்தவேலை நாலு எழுபது.
வட்டி எட்டு ரூபா அஞ்சு சதம்.
அதுக்குக் கீழ ஒரு கறுப்பு,
பேருக்கும் கறுப்பு, காசுக்கும் கறுப்பு.
அதுக்கும் கீழ மொத்தம், அறுபத்தொண்டு நாப்பது.
மொத்தத்தை மறைக்க மறந்துபோனியள்."

சிரிக்கவில்லை அவர்.
"விடியப்புறம் நூறு கட்டி ஏத்துவன்,
இறங்கேக்க எண்பத்திரண்டு இருக்கும்.
கரைஞ்சதை ஆர் காணுறது?
மிச்சத்தை வைச்சுத்தானே கணக்கு.
முப்பது வருசமா இதுதான் செய்யிறன்.
பதினொரு ரூபா முப்பது சதம்.
ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளை மாதிரி
பேரில்லாமல் கிடக்கு.
ஆற்றை பிள்ளை அது?"

கம்பனி வழக்கறிஞர் எழும்பிவிட்டார்.
போட்டியாளர்கள் அறிந்தால்
ஈடுசெய்ய முடியாத நட்டம் என்றார்.
சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன்.

"போட்டியோ?" என்றார் கொன்சலாற்றா.
"வேற ஆர் இஞ்ச கரண்ட் விக்கினம்?
கடையைக் காட்டுங்கோ,
நாளைக்கே அங்க வாங்கிறன்."

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது
என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
மன்னிப்புக் கேட்கவில்லை.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.
அந்தத் தொகை
பதிவிலிருந்து நீக்கப்படவேண்டும் என்றார்.
அவருடைய மூன்று நிமிடம் முடிந்ததென்று
மணி அடித்தது ஒரு பையன்.

இரவு. பத்து மணிக்குக் கரண்ட் போனது.
மடிகணினியில் மிச்சமிருந்த வெளிச்சத்தில்
கூட்டக் குறிப்பைத் தட்டினேன்.
நீக்கச் சொன்னது விடையை மட்டும்.
எண்ணெய், சம்பளம், திருத்தவேலை, வட்டி,
கீழே மொத்தம், எல்லாம் இருக்கட்டும்.
நூறு கட்டியும் இருக்கட்டும்,
எண்பத்திரண்டும்.
நடுவில் ஒரு கோடு இழுத்தேன்.

பதினொரு. ரூபா. முப்பது. சதம்.
நாலு சொல்.
எழுதியிருந்தால் எனக்குப் பதினொரு ரூபா வந்திருக்கும்.
அப்போதும்
முப்பது சதம் குறைகிறது.