செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

புளியங்குளத்தால் திரும்பி
நெடுங்கேணி வீதியில் இருபது நிமிடம்.
அதற்குப் பிறகு கிரவல்.
பிக்கப்பின் பின்சீற்றில் என்னோடு
தொண்ணூற்று நான்கு கேள்விகளும்
முழுதாய்ச் சார்ஜ் ஏற்றிய ஒரு டெப்பும்.
முன்கண்ணாடியில் பதினேழு நிறச் சதுரங்கள்;
ஆறாவது, தண்ணீருக்கானது,
வெயிலில் அதுதான் முதலில் வெளிறியிருந்தது.

முதிரையடியில் நான் போன வீட்டின் கதவுநிலையில்
ஏற்கெனவே ஐந்து ஸ்ரிக்கர்கள்.
ஒவ்வொன்றிலும் அந்த வீட்டுக்கு வேறு வேறு இலக்கம்.
"உங்கடையை எங்கை ஒட்டப் போறீங்கள்?"
கேதீஸ்வரி கதவை அகலத் திறந்துவிட்டாள்.
"இஞ்சாலை கொஞ்சம் இடமிருக்கு."

கேள்வி பதினெட்டு: குடிநீர் பெறும் இடம்?
"சுத்திகரிப்பு நிலையம்."
கேள்வி பத்தொன்பது: அது தற்போது இயங்குகிறதா?
"இண்டைக்கு ஓம்."

டெப்பில் 'ஓம்' இருந்தது.
'இண்டைக்கு' இருக்கவில்லை.
விரலை வைக்காமல் இருந்தேன்.

அவள் உள்ளே போய்
மகளின் பழைய கணக்குக் கொப்பியோடு வந்தாள்.
பதினான்கு மாதம்.
தண்ணீர் வந்த நாளுக்கு ஒரு கோடு,
கோட்டுக்குப் பக்கத்தில் குறிப்பு:
வெள்ளை ஜீப்.
பச்சைத் தொப்பி போட்டவை.
கமராவோடை ரெண்டு பேர், சப்பாத்து கழட்டேல்லை.
மழைக்கை வந்து மழைக்கை போன ஐயா.
முப்பத்தொரு கோடுகள்.
வாகனம் வராத கோடென்று ஒன்றுகூட இல்லை.

"நீங்கள் வாறதுக்கு முதல்நாள் வடிகட்டி மாத்துவினம்.
போய் மூண்டாம் நாள் மோட்டர் நிக்கும்.
அளக்க வந்தால் தண்ணி வரும், தங்கச்சி.
அளக்காட்டி கிணறுதான்."

கேத்திலின் அடியைக் கரண்டியால் தட்டிக் காட்டினாள்.
கல்லில் தட்டியதுபோல் கேட்டது.
கிழமையில் இரண்டு நாள்
அவள் புருசன் வவுனியா பஸ் ஏறுகிறான்,
இரத்தம் சுத்திகரிக்க.
"அந்த மெசின் மட்டும்
ஆர் வந்தாலும் வராட்டியும் ஓடுது."

அறிக்கையில் எழுதினேன்:
'நிலையம் இயங்குகிறது, மதிப்பீடு நடக்கும் நாட்களில்.'
கொழும்பில் யாரோ
காற்புள்ளியோடு சேர்த்து மிச்சத்தை வெட்டினார்.
கொப்பியின் படங்களுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு குறிப்பு:
மாதிரி அளவு ஒன்று.
ஒன்றல்ல, நானூற்று இருபத்தைந்து நாள்
என்று திருப்பி எழுதினேன்.
அதற்குப் பதில் வரவில்லை.

ஆவணியில் கேதீஸ்வரி போன் எடுத்தாள்.
"அடுத்த மதிப்பீடு எப்ப?"
"காசு முடிஞ்சுதக்கா. திகதி குறிக்கேல்லை."
கொஞ்சநேரம் பேச்சில்லை.
அங்கே யாரோ கோழி கலைத்துக்கொண்டிருந்தார்கள்.
"அதை அவையிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

பிறகொரு சனிக்கிழமை வட்சப்பில் ஒரு படம்.
நிலையத்தின் பூட்டிய கேற்.
அதில் பள்ளிக்கூடச் சோக்கால்
'செவ்வாய்க்கிழமை மதிப்பீடு.'
முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்திருந்தாள்.
திங்கள் பின்னேரம் இன்னொன்று:
வரிசையில் கான்கள், நீலம், மஞ்சள்,
நடுவில் ஒரு பெயின்ற் வாளி,
குழாயடியில் நனைந்த மண்.

நான்காவது செவ்வாய்
நிலையம் பார்க்கிற பிரதீபன் கேட்டானாம்:
"ஒவ்வொரு கிழமையும் எழுதிக் கிடக்கு,
ஒருத்தரையும் காணேல்லையே?"

"நான் வந்திருக்கிறன்தானே,"
என்று கொப்பியை விரித்தாளாம்.
மோட்டர் எத்தனை மணிக்குப் போட்டது,
எத்தனை லீற்றர், காசு ஆரிட்டை.
அவன் முதலில் சிரித்தானாம்.
பிறகு கதிரை எடுத்துப் போட்டானாம்.

அந்தக் கிழமை தண்ணீர் ஐந்து நாள்.
அடுத்த கிழமை இரண்டு.
அதையும் எழுதியிருக்கிறாள்.

கொப்பி முடிஞ்சுது என்றாள்,
எண்பது பக்கம் இனிக் காணாதாம்.
நூற்றறுபது பக்கத்தில் ஒன்று வாங்கி
நெடுங்கேணி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.
மாதக் கடைசியில் செலவுக் கணக்கு எழுதும்போது
எந்தத் தலைப்பிலும் அது பொருந்தவில்லை.
'மற்றவை' என்று போட்டேன்.